நினைத்த மணி: ஒரு கைக்கடிகார வித்தை பிறந்த கதை

கையில் வாட்ச் கட்டியிருந்தால் ஒரு தரம் அதன் முகப்பைப் பாருங்கள். முள் ஓடுகிற வாட்சாக இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் ஏதாவது ஒரு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறக்க வேண்டாம். எதிரே உட்கார்ந்திருக்கும் வித்தைக்காரர் ஒரு பென்சிலை எடுத்து உங்கள் வாட்சின் கண்ணாடிமேல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் நீங்கள் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வர வேண்டும். நினைத்தது நான்கு என்றால் முதல் தட்டு ஐந்து, அடுத்தது ஆறு, அதற்கடுத்தது ஏழு. இருபது வந்ததும் "நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டும். சொல்கிறீர்கள். பென்சில் முனை நான்கின்மேல் நிற்கிறது.

அவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. எதையும் எழுதி வாங்கவில்லை. வாட்சும் உங்களுடையது. மனதைப் படித்துவிட்டார் என்றுதான் தோன்றும்.

மனதைப் படிப்பதாகச் செய்து காட்டும் வித்தைகள் எத்தனையோ உண்டு. அவற்றில் இதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். பெரும்பாலான வித்தைகளுக்கு ஊரும் பேரும் கிடையாது. குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்குப் போய் அப்படியே மறைந்துவிடும். இதற்கோ நானூறு ஆண்டு வம்சாவளி அச்சுப் புத்தகங்களில் கிடக்கிறது. ஒரு கணக்கு எந்த இடத்தில் வித்தையாக மாறியது என்று விரல் வைத்துக் காட்டவும் முடிகிறது.

பிரான்சின் லியோன் நகரில் 1612-இல் ஒரு புத்தகம் வெளியானது. எழுதியவர் க்ளோட் காஸ்பார் பாஷே. எண்களைக்கொண்டு செய்யக்கூடிய, மனதுக்கு உகந்த கணக்குகள் என்ற பொருளில் தலைப்பு. ஆற்றைக் கடக்கும் புதிர்களும், 1, 3, 9, 27 என்ற நான்கே எடைக்கற்களை வைத்து ஒன்றிலிருந்து நாற்பது வரை எதையும் நிறுத்துவிடும் கணக்கும் அதில் உண்டு. கணித உலகம் பாஷேயை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. டயோஃபன்டஸ் என்ற பழங்காலக் கிரேக்கக் கணித மேதையின் நூலை 1621-இல் லத்தீன் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர் அவர். அந்தப் பதிப்பின் பிரதி ஒன்றின் ஓரத்தில்தான் கணித மேதை ஃபெர்மா தம் புகழ்பெற்ற கடைசித் தேற்றத்தைக் குறித்து வைத்தார். அதற்கு ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் அச்சேற 1995 வரை உலகம் காத்திருந்தது. அதே பாஷேயின் புதிர்ப் புத்தகத்தில் ஒரு மூலையில் நம் வாட்ச் வித்தையின் வித்து கிடக்கிறது.

அன்றைய கடிகாரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்தக் கணக்கின் அருமை புரியும். 1612-இல் பெரும்பாலான கடிகாரங்களுக்கு ஒரே முள். மணியை மட்டும் காட்டும், அதையும் சுமாராகத்தான். ஹைகன்ஸ் என்ற அறிஞர் ஊசல் கடிகாரத்தைச் செய்தது 1656-இல். பாக்கெட் கடிகாரத்துக்குச் சுருள்வில்லைச் சேர்த்தது 1675-இல். நிமிட முள் பரவலானது அதற்கெல்லாம் பிறகுதான். பாஷேயின் வாசகருக்கு நேரம் என்றால் பன்னிரண்டு எண்களில் ஒன்று, அவ்வளவே. இன்றைக்கும் இந்த வித்தை நிமிடத்தைத் தொடாமல் மணியோடு நின்றுவிடுவது அந்த ஒற்றை முள்ளின் காலத்திலிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம்.

கணக்கு இதுதான். நீங்கள் ஒரு மணியை நினைக்கிறீர்கள், ஐந்து என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் வேறொரு மணியைத் தொடுகிறேன், ஒன்பது. ஒன்பதோடு பன்னிரண்டைக் கூட்டினால் இருபத்தொன்று. இப்போது ஒன்பதில் விரலை வைத்து, அதை ஐந்து என்று எண்ணத் தொடங்கி, பின்னோக்கி எட்டு, ஏழு, ஆறு என்று ஒவ்வொரு மணியாகத் தொட்டுக்கொண்டு போங்கள். இருபத்தொன்று என்று எண்ணும்போது உங்கள் விரல் ஐந்தில் இருக்கும். எந்த மணியை நினைத்தாலும், எந்த மணியைத் தொட்டாலும் தவறாது. முன்னோக்கி ஏறுகிற எண்ணிக்கையும் பின்னோக்கி இறங்குகிற விரலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன; மிச்சம் நிற்பது பன்னிரண்டு, அதாவது ஒரு முழுச் சுற்று. வட்டத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு மதிப்பே கிடையாது, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும்.

இதைத்தான் பத்தாம் வகுப்பில் நம் பிள்ளைகள் மட்டு எண்கணிதம் என்று படிக்கிறார்கள், அதே கடிகார முகப்பை உதாரணமாக வைத்து. அதற்கு இலக்கணம் வகுத்த கணித மேதை காஸின் நூல் 1801-இல்தான் வந்தது. பாஷே அதற்கு 189 ஆண்டுகள் முன்பே அதைக் கொண்டு ஒரு விளையாட்டு கட்டிவிட்டார். இலக்கணத்துக்கு முன்னால் இலக்கியம் என்பது கணக்கிலும் நடந்திருக்கிறது.

ஆனால் அது இன்னும் வித்தை ஆகவில்லை. விளையாட்டாகவே நெடுங்காலம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குடும்பங்களுக்காக வந்த பொழுதுபோக்குப் புத்தகங்களில் இதே கணக்கு ஒரு சின்ன வேடம் பூண்டு வருகிறது: நாளைக் காலை எத்தனை மணிக்கு எழுந்திருக்கப் போகிறீர்கள் என்று நான் சொல்கிறேன், பார்க்கலாமா? விருந்து முடிந்து, கணப்பருகே உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்பதற்குப் பொருத்தமான கேள்விதான். வேடம் நன்றாக இருந்தாலும் உள்ளே ஓட்டை இருந்தது. எண்ணுகிறவரும் தட்டுகிறவரும் ஒரே ஆள், அதாவது பார்வையாளர். பன்னிரண்டைக் கூட்டு, இந்த எண்ணிலிருந்து தொடங்கு, பின்னோக்கிப் போ என்று அவருக்கு ஏகப்பட்ட உத்தரவுகள். உத்தரவு கூடக் கூட, இது ஏதோ கூட்டல் கழித்தல் என்று யாருக்கும் தெரிந்துவிடும். இருபத்தொன்று என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கூர்மையான பிள்ளை ஒன்று கேட்டுவிட்டால் அன்றோடு ஆட்டம் முடிந்தது.

இதற்கிடையில் பாரிசில், மனதைப் படிப்பது என்ற எண்ணமே மேடையில் புது உருவம் எடுத்தது. அங்கேயும் ஒரு கடிகாரக்காரர்தான் காரணம். ரொபேர்-ஹூடின் 1805-இல் ப்ளுவா நகரில் ஒரு கடிகாரக்காரரின் மகனாகப் பிறந்து, அதே தொழிலைக் கற்றவர். இவர் பெயரைத்தான் பின்னாளில் மாயவித்தைக்காரர் ஹூடினி தமக்கு வரித்துக்கொண்டார். கடிகாரத் தொழில் பற்றிய புத்தகம் வாங்கப்போன இடத்தில் கடைக்காரர் தவறுதலாக மாயவித்தைப் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார், தம் வாழ்க்கை திசை மாறியது அங்கேதான் என்று அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1845-இல் பாரிசில் பாலே ராயல் கட்டடத்தில் தமக்கென்று சிறு அரங்கு திறந்தார். அடுத்த ஆண்டு, தம் மகன் எமிலின் கண்ணைக் கட்டி மேடையில் உட்கார வைத்து, கூட்டத்துக்குள் இறங்கி, மக்கள் நீட்டிய பொருள்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். கண் கட்டிய பையன் ஒவ்வொன்றையும் வர்ணித்தான். பாக்கெட் கடிகாரத்தை நீட்டினால் அது என்ன மணி காட்டுகிறது என்பதுவரை சொன்னான்.

அதற்குப் பின்னாலிருந்த உழைப்பை ரொபேர்-ஹூடினே எழுதியிருக்கிறார். அப்பாவும் பிள்ளையும் ஒரு கடையின் கண்ணாடி அலமாரி முன்னால் வேகம் குறையாமல் நடந்துபோவார்கள். கொஞ்ச தூரம் போனதும் நின்று, கண்ணில் பட்ட பொருள்களைத் தாளில் எழுதிப் பார்ப்பார்கள். பையன் அப்பாவையே மிஞ்சிவிட்டானாம். அந்தப் பயிற்சியோடு இருவருக்குள்ளும் ஒரு ரகசியக் குறிப்பு மொழியும் இருந்தது. நம் வாட்ச் வித்தைக்கு இந்த நிகழ்ச்சியோடு நேரடி உறவு இல்லை. ஆனால் அடுத்தவர் மனதிலும் கையிலும் இருப்பதைச் சொல்வது குறிகாரர் தொழிலாக மட்டும் இல்லாமல் நாகரிகமான மேடைக் கலையாகவும் ஆக முடியும் என்பதை ஐரோப்பாவுக்கு இது காட்டியது. ரொபேர்-ஹூடினின் மாயவித்தை நூலை 1878-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்தான் நம் கதையின் அடுத்த ஆள்.

லண்டனில் ஏஞ்செலோ லூயிஸ் என்று ஒரு பாரிஸ்டர். வழக்கறிஞர் ஒருவர் மாயவித்தை பற்றிப் புத்தகம் எழுதினால் தொழில் என்னாகுமோ என்று எண்ணி, புரொபசர் ஹாஃப்மன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 1876-இல் வந்த அவருடைய 'மாடர்ன் மேஜிக்' இன்றுவரை வித்தைக்காரர்கள் மரியாதையோடு பேசும் நூல். அதில் கடிகார வித்தைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. இரவல் வாங்கிய கடிகாரத்தை உரலில் போட்டு இடித்து, பிறகு முழுசாகத் திருப்பித் தருவது போன்ற ஆர்ப்பாட்டமான வித்தைகளுக்கு நடுவே, ஒரு கடிகாரமும் ஒரு பென்சிலும் மட்டும் போதும் என்று சொல்லும் சின்ன வித்தை ஒன்று இருக்கிறது. நீங்கள் முதல் பத்தியில் நான்கை நினைத்துச் செய்து பார்த்தீர்களே, அதேதான். இருபதில் நிறுத்தச் சொல்லும் உபாயமும் அங்கேயே இருக்கிறது. இன்னார் கண்டுபிடித்தது என்று ஹாஃப்மன் யார் பெயரையும் சொல்லவில்லை.

வித்தைக்காரர் செய்ய வேண்டியதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அவரும் தம் தட்டுகளை மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்கிறார். முதல் ஏழு தட்டும் அவர் இஷ்டம், எங்கே வேண்டுமானாலும் தட்டலாம். எட்டாவது தட்டு கட்டாயம் பன்னிரண்டின்மேல். அதன்பின் பதினொன்று, பத்து, ஒன்பது என்று வரிசையாகப் பின்னோக்கி. அவ்வளவுதான். நான்கை நினைத்தவர் பதினாறாவது தட்டில் இருபது எண்ணியிருப்பார். எட்டாவது தட்டுக்குப் பன்னிரண்டு என்று தொடங்கினால் பதினாறாவது தட்டு நான்கில்தான் விழும். பன்னிரண்டை நினைத்தவர் எட்டாவதிலேயே நிறுத்தச் சொல்வார். ஒன்றை நினைத்தவர்தான் அதிக நேரம் காத்திருப்பவர், பத்தொன்பதாவது தட்டு வரை.

இங்கேதான் பாஷேயின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாஷேயிடம் தொட்ட மணியோடு பன்னிரண்டைக் கூட்ட வேண்டும். எட்டைத் தொட்டதாக வைத்துக்கொண்டால் எட்டும் பன்னிரண்டும் இருபது. ஹாஃப்மன் சொல்லும் இருபது அதுவேதான். எட்டில் தொடங்கிப் பின்னோக்கி ஏழு, ஆறு என்று இறங்கி, ஒன்றைத் தாண்டிப் பன்னிரண்டுக்கு வந்து, மேலும் இறங்குகிற அதே பழைய பாதை. இரண்டும் ஒரே கணக்கு, இம்மியும் வேறில்லை. ஆனால் யாரோ ஒருவர், பெயர் தெரியாத ஒரு நுட்பமான புத்தி, அந்தப் பாதையை உற்றுப் பார்த்து ஒன்றைக் கவனித்திருக்கிறார்: முதல் ஏழு தட்டுக்குள் யாரும் நிறுத்தச் சொல்லவே முடியாது. நினைக்கக்கூடிய பெரிய மணி பன்னிரண்டு. அதை நினைத்தவரே எட்டு தட்டு காத்திருந்தாக வேண்டும். அப்படியானால் அந்த ஏழும் வெறும் நேரம் போக்குவது. அவற்றை வரிசைப்படி தட்ட வேண்டிய அவசியமே இல்லை. மூன்றில் தட்டலாம், பத்தில் தட்டலாம், மறுபடி மூன்றிலேயே தட்டலாம். கடிகாரத்தின் முதுகில் தட்டினாலும் குற்றமில்லை என்று ஹாஃப்மனே எழுதுகிறார்.

கணக்கு வித்தையாக மாறிய இடம் இந்த ஏழு தட்டுகள். பார்வையாளரின் கண் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். அவற்றில் எந்த ஒழுங்கும் இல்லை என்று அது முடிவுகட்டிவிடுகிறது. அந்த முடிவுக்கு வந்தபின், எட்டாவதிலிருந்து பென்சில் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தாலும் மனம் அதைப் பார்ப்பதில்லை. தவிர, அவருக்கு எண்ணுகிற வேலை இருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு என்று உள்ளே எண்ணிக்கொண்டே வெளியே பென்சிலின் போக்கையும் கவனிப்பது எல்லோருக்கும் எளிதல்ல. இன்னொரு மாற்றமும் கூடவே நடந்திருக்கிறது: தட்டுகிற வேலை பார்வையாளரின் கையிலிருந்து வித்தைக்காரரின் கைக்கு வந்துவிட்டது. எண்ணிக்கை ஒருவரிடம், விரல் இன்னொருவரிடம். ஒரே கணக்கின் இரண்டு பாதிகளை இரண்டு மனிதர்கள் சுமக்கிறார்கள்; ஒருவருக்குத் தெரிவது ஒரு பாதிதான். பார்வையாளருக்குத் தம் பாதியைக் கணக்கு என்று அடையாளமே தெரியாது, சும்மா எண்ணினோம் என்றுதான் நினைப்பார்.

மேஜிக் செய்கிறவர்களும் கணக்குச் செய்கிறவர்களும் இந்த வித்தையின்மேல் சமமாக உரிமை கொண்டாடி வந்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் ரௌஸ் பால் 1892-இல் முதலில் வெளியிட்ட கணிதப் பொழுதுபோக்கு நூலில் பாஷேயின் வடிவத்தை விளக்கினார். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் பென்டக்கிள் கிளப் என்ற மேஜிக் சங்கத்துக்கு முதல் தலைவராக இருந்தவரும் அவர்தான். அமெரிக்காவில் மார்ட்டின் கார்ட்னர் 1956-இல் வெளியிட்ட 'மேத்தமேட்டிக்ஸ், மேஜிக் அண்ட் மிஸ்டரி'யில் தட்டும் வித்தைகளின் குடும்பத்தையே அறிமுகப்படுத்தினார். அங்கே கடிகாரம் போய், எண்களுக்குப் பதில் சொற்கள் வருகின்றன. எண்ணுவதற்குப் பதில் நினைத்த சொல்லை எழுத்துக் கூட்டி வர வேண்டும். கெட்டிக்காரத்தனமான வளர்ச்சிதான். ஆனால் அவற்றுக்கென்று தனியாக அட்டை அச்சடிக்க வேண்டும். அட்டையைப் பார்த்ததுமே மக்கள் சந்தேகப்படுவார்கள். கடிகாரமோ எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது, அதை யாரும் மேஜிக் சாமான் என்று நினைப்பதில்லை. நானூறு ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு அதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

ஹாஃப்மன் காலத்துக் கடிகாரம் சங்கிலியோடு பாக்கெட்டில் இருந்தது. ஆண்கள் மணிக்கட்டில் கட்டுவது முதல் உலகப் போருக்குப் பிறகுதான் பரவியது. பதுங்குகுழியில் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் சிப்பாய் பாக்கெட்டைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது. அந்த மாற்றம் இந்த வித்தைக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. பாக்கெட் கடிகாரத்தை வித்தைக்காரர் கையில் வாங்கிக்கொள்ளலாம். கைக்கடிகாரம் கழற்றப்படாமல் இருந்தால் அவர் பார்வையாளரின் மணிக்கட்டைப் பிடித்தாக வேண்டும். இந்த ஒரு தொடுதல் வித்தையின் பொருளையே மாற்றிவிடுகிறது.

ஏனென்றால் மணிக்கட்டைப் பிடித்து மனதைப் படிப்பது என்று ஒரு தனி மரபு ஏற்கெனவே இருந்தது. 1880-களில் வாஷிங்டன் இர்விங் பிஷப் என்ற அமெரிக்கர், ஒளித்துவைத்த ஊசியை, ஒளித்தவரின் கையைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டெடுத்துக் காட்டினார். அவரைப் போன்றவர்கள் உண்மையில் உணர்ந்தது, நினைப்புக்குத் தக்கபடி தன்னையறியாமல் இறுகியும் தளர்ந்தும் கொடுக்கிற தசையை. நியூயார்க் நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் அன்றைக்கே அதை விளக்கியிருந்தார். மென்டலிஸ்ட், அதாவது மனதைப் படித்துக் காட்டும் வித்தைக்காரர், ஒருவர் இன்று உங்கள் மணிக்கட்டை நாடி பார்க்கும் வைத்தியர்போல் மூன்று விரலால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெதுவாக முகப்பைத் தட்டும்போது, பிஷப்பின் மரபையும் பாஷேயின் கணக்கையும் ஒரே மணிக்கட்டில் சேர்க்கிறார். பாதி எண்ணிக்கையில் ஒரு கணம் நிறுத்துகிறார், உங்கள் கண்ணைப் பார்க்கிறார், இன்னொரு தட்டு. நீங்கள் நிறுத்தச் சொல்லும்போது, துடிப்பைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நம்புவீர்கள். நல்ல கலைஞர்கள் தட்டும் வேகத்தை ஒரே சீராக வைத்துக்கொள்வதில்லை. இரண்டு வேகமாக, ஒன்று நின்று நிதானித்து. பென்சிலுக்குப் பதில் விரல் நகத்தால் தட்டுகிறவர்களும் உண்டு, கண்ணாடியில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும், எண்ணுகிறவருக்கும் அது உதவி.

கைக்கடிகாரத்தின் பக்கவாட்டுத் திருகு இன்னொரு கிளையையும் பிறப்பித்தது. முற்காலத்தில் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கத் தனிச் சாவியே வேண்டும். 1840-களில் அட்ரியன் ஃபிலிப் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர் அந்த வேலையைத் திருகுக்கு மாற்றினார். பட்டேக் ஃபிலிப் என்ற பெயரில் இருக்கும் ஃபிலிப் இவர்தான். திருகு வந்தபின், வாட்சைக் குப்புறப் பிடித்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் கண்மூடித்தனமாக முள்ளைச் சுழற்றி, தமக்கே தெரியாத ஒரு நேரத்தில் நிறுத்த முடிந்தது. அந்த நேரத்தை முன்கூட்டியே எழுதி உறையில் வைத்திருப்பதுதான் இன்றைய மேடைகளில் பிரபலமான வடிவம். அதன் உள்வேலையை நான் இங்கே உடைக்கப் போவதில்லை; அதை வைத்து இன்றும் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தட்டும் வித்தை அப்படியல்ல, அது நூற்றைம்பது ஆண்டுகளாக அச்சில் இருக்கும் பொதுச் சொத்து.

1973-இல் யூரி கெல்லர் என்பவர் பிபிசி தொலைக்காட்சியில் கரண்டிகளை வளைத்தபோது கைக்கடிகாரம் வேறொரு வழிக்குப் போனது. நின்றுபோன வாட்சுகளைத் தம் மன ஆற்றலால் ஓட வைப்பதாக அவர் சொன்னார். நியூசிலாந்தில் பணியாற்றிய உளவியலாளர்கள் டேவிட் மார்க்ஸும் ரிச்சர்ட் கம்மனும் நேரே கடிகாரக் கடைக்காரர்களிடம் போனார்கள். பழுதுக்கு வந்த வாட்சுகளைத் திறக்காமல், சும்மா கையில் வைத்துக் குலுக்கிப் பார்க்கச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்டவை ஓட ஆரம்பித்தன. உள்ளே இறுகிப்போன எண்ணெய் உள்ளங்கைச் சூட்டில் இளகுகிறது, அவ்வளவுதான். மக்கள் தங்கள் வாட்ச்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை இப்படி அமானுஷ்யத்துக்குச் சாட்சியாகத் திருப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மென்டலிஸ்ட் உங்களை வியக்கவைத்து வீட்டுக்கு அனுப்புகிறார். உங்கள் வியப்பை வைத்து, தமக்கு இல்லாத சக்தியை இருப்பதாக நம்பவைக்கிறவரின் வேலை வேறு.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பார்வையாளர் தவறுகிற இடம் எப்போதும் ஒன்றே: நான்கை நினைத்தவர் முதல் தட்டுக்கே நான்கு என்று எண்ணிவிடுவார், பென்சில் மூன்றில் போய் நிற்கும். அதனால் தொடங்குமுன் ஓர் உதாரணம் சொல்லிவிடுங்கள். ஹாஃப்மனும் ஒன்பதை நினைத்தால் முதல் தட்டு பத்து என்று விளக்கிவிட்டுத்தான் மேலே போகிறார். இரண்டாவது, "இன்னொரு தரம் செய்யுங்கள்" என்று நிச்சயம் கேட்பார்கள். அதே இருபதைச் சொன்னால் சந்தேகம் வரும். இந்த முறை இருபத்து மூன்றில் நிறுத்தச் சொல்லுங்கள். அதிலிருந்து பன்னிரண்டைக் கழித்தால் பதினொன்று. ஆகவே முதல் பத்துத் தட்டும் உங்கள் இஷ்டம், பதினோராவது தட்டு பன்னிரண்டின்மேல் விழ வேண்டும், அங்கிருந்து பின்னோக்கி.